ஹவாசா: பஜாஜ், குலுக்கல் சீட்டு, மூன்றாவது காபி

எத்தியோப்பியாவின் ஹவாசாவில் ஆட்டோவுக்குப் பெயர் பஜாஜ். எந்தக் கம்பெனி வண்டியாக இருந்தாலும் பஜாஜ்தான். ஷேர் ஆட்டோ மாதிரி முட்டி இடிக்க உட்கார்ந்து போக வேண்டும். அதைப் பார்த்ததும் எங்களோடு வந்த அவிநாசிக்காரர் "அட, நம்ம ஊருதாங்க இது" என்றார். அங்கே இருந்த காலத்தில் எனக்குப் பட்டது நேர் எதிர். நம் ஊர் போலத் தெரிகிற விஷயம் கிட்டப் போனால் வேறாக இருக்கும். தலைகால் புரியாத விஷயம் நம் பாட்டி வீட்டுப் பழக்கமாக இருக்கும்.

நான் திருப்பூர் பனியன் தொழிலில் இருந்தவன். ஹவாசா தொழிற்பூங்கா 2016இல் திறந்தது. அங்கே புதிதாக வேலைக்கு வந்த பெண்களுக்குத் தையல் லைன் பழக்கிக் கொடுக்க நம் பக்கத்திலிருந்து சிலர் போனோம். ஏரி, காலை மீன் சந்தை, அங்கே கழிவுக்காகக் காத்து நிற்கும் ஆள் உயர மாராபு நாரைகள் எல்லாம் படத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். நான் சொல்ல வந்தது வேறு.

முதலில் மணி. காலை ஷிப்டுக்கு எப்போது வருவாய் என்று கேட்டால் "ஒரு மணிக்கு" என்பார்கள். அங்கே விடிந்ததிலிருந்துதான் மணிக்கணக்கு. நம்முடைய காலை ஏழு அவர்களுக்கு ஒன்று, நண்பகல் பன்னிரண்டு அவர்களுக்கு ஆறு. ஃபேக்டரிச் சுவரில் ஏழு, அந்தப் பெண்ணின் கைக்கடிகாரத்தில் ஒன்று, இரண்டுமே சரி. பஜாஜ்காரரிடம் நேரம் சொன்னால் "ஹபெஷா மணியா, ஃபெரஞ்சி மணியா?" (உள்ளூர் மணியா, வெளிநாட்டார் மணியா) என்று கேட்டு உறுதி செய்துகொள்வார். பூமத்திய ரேகையிலிருந்து ஏழு டிகிரிதான் வடக்கே, அதனால் சூரியன் வருடம் முழுக்க ஏறக்குறைய ஒரே நேரத்தில் உதிக்கும். கணக்கு உதைக்காது. நம் ஆட்கள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அவரவர் ஜாதக நோட்டில் 'உதயாதி நாழிகை' என்று எழுதியிருப்பதும் சூரியன் உதித்ததிலிருந்து எண்ணிய கணக்குதான். நாம் விட்டுவிட்டோம், அவர்கள் விடவில்லை, அவ்வளவுதான்.

வருடக் கணக்கும் தனி. முப்பது நாளில் பன்னிரண்டு மாதம், கடைசியில் ஐந்தாறு நாளில் பாகுமே என்று ஒரு குட்டி மாதம். புத்தாண்டு செப்டம்பர் 11. வருட எண்ணும் நம்முடையதைவிட ஏழெட்டு பின்னால்தான்: 1990இல் பிறந்தேன் என்று ஒரு பெண் சொன்னால் நம் கணக்கில் 1997 அல்லது 1998. ஆளெடுக்கும்போது ஹெச்.ஆர். பையன் இதற்கென்றே ஒரு அட்டவணையை மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தான்.

பெயர் விஷயத்தில்தான் எனக்கு ஒட்டுதல் வந்தது. அவர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தன் பெயர், அடுத்து அப்பா பெயர். ஓட்டக்காரர் ஹைலே கெப்ரசெலாசியை உலகம் முழுக்க கெப்ரசெலாசி என்கிறார்கள், அது அவர் அப்பாவின் பெயர். ஊரில் அவர் ஹைலேதான். கல்யாணமானாலும் பெண்கள் பெயரை மாற்றுவதில்லை. ஃபாரத்தில் 'சர்நேம்' கட்டத்தைப் பார்த்து நம் ஆட்கள் என்ன முழி முழிப்போமோ, அதே முழியை அந்தப் பெண்களும் முழித்தார்கள். எங்களோடு இருந்த வடநாட்டு மேனேஜருக்குக் கடைசிவரை இது பிடிபடவே இல்லை.

இன்னொன்று, மூச்சு. பேசிக்கொண்டிருக்கும்போது திடீரென்று "ஹ்" என்று மூச்சை உள்ளே இழுப்பார்கள். ஆமாம், சரி, மேலே சொல்லு என்று அர்த்தம். முதல் வாரம் ஊசி விரலில் ஏறிவிட்டதோ என்று பதறி அவிநாசிக்காரர் லைனையே நிறுத்திவிட்டார். ஊர் திரும்பியபோது அவரும் அப்படி மூச்சிழுக்கக் கற்றிருந்தார் என்பது வேறு கதை.

சரி, சாப்பாடு. இன்ஜெரா பார்க்கத் தோசை. டெஃப் என்று கடுகைவிடப் பொடியான தானியம், அதை அரைத்து இரண்டு மூன்று நாள் புளிக்கவிட்டு, பெரிய வட்டக் கல்லில் ஊற்றி, திருப்பிப் போடாமல் எடுப்பது. கையால்தான் சாப்பாடு, அதுவும் வலது கை. முன்னதாகக் கெண்டியும் பாத்திரமுமாக வந்து கையில் தண்ணீர் ஊற்றுவார்கள். இதுவரை நம் வீடுதான். ஆனால் தட்டு ஒன்று. ஐந்தாறு பேர் சுற்றி உட்கார்ந்து அதே இன்ஜெராவைப் பிய்ப்பார்கள். பாட்டில் தண்ணீரையே உதட்டில் படாமல் அண்ணாந்து குடிக்கிறவர்கள் நாம். எச்சில் என்ற சொல்லைக் கேட்டுக்கேட்டு வளர்ந்த கைக்கு, அந்தத் தட்டுக்குள் போகச் சங்கடமாகத்தான் இருந்தது.

கவனித்தால் அதற்குள்ளும் கறாரான ஒழுங்கு இருக்கிறது. உன் பக்கத்தில் இருப்பதை மட்டும்தான் எடுக்க வேண்டும். விரலை நக்கக் கூடாது. நல்ல துண்டு உன் பக்கம் இருந்தால் அதை விருந்தாளி பக்கம் தள்ளிவிட வேண்டும். அப்புறம் குர்ஷா, அதாவது கையால் ஊட்டிவிடுவது. ஒருநாள் மதியம் லைனிலேயே மூத்தவரான ஓவர்லாக் ஆபரேட்டர் அம்மா ஒருவர், இன்ஜெராவில் குழம்பை வைத்துப் பந்தாக உருட்டி என் வாய்க்கு நேராக நீட்டினார். விரல் உதட்டில் படாமல் வைப்பது ஒரு கைப்பழக்கம். வேண்டாம் என்றால் மனவருத்தம். ஒன்றோடு விடுவதும் சரியில்லை என்று இரண்டாவதும் வந்தது. சுற்றியிருந்தவர்கள் கை தட்டினார்கள். அதற்குப் பிறகு நான் தனித்தட்டு கேட்டதில்லை. குவார்ட்டர்ஸில் ரசம் வைத்துத் தனியாகச் சாப்பிட்ட நண்பர்கள் வயிற்றைக் காப்பாற்றிக்கொண்டார்கள், தப்பில்லை. ஆனால் லைனில் என்ன பிரச்சினை என்பது அவர்களுக்கு எப்போதும் கடைசியாகத்தான் தெரிந்தது.

இதிலேயே புதன், வெள்ளி கூத்து ஒன்று உண்டு. ஆர்த்தடாக்ஸ் சபையார் அந்த இரண்டு நாளும் இறைச்சி, பால், வெண்ணெய், முட்டை எதுவும் தொடமாட்டார்கள். அந்தப் பக்கத்துச் சிடாமா இனப் பெண்களில் புராட்டஸ்டண்டுகள் நிறைய, அவர்களுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. யார் எந்தச் சபை என்பது புதன்கிழமைத் தட்டில் தெரிந்துவிடும் என்று நினைத்தேன். தெரியவில்லை. சேர்ந்து உட்கார்கிறவர்களில் ஒருத்தி விரதம் என்றால் தட்டு முழுக்கப் பருப்பும் கீரையும்தான், மற்றவர்களும் அதையே சாப்பிட்டார்கள்.

சம்பள நாளில் இன்னொரு கூட்டம். பன்னிரண்டு பேர் பணம் போட்டு, துண்டுச் சீட்டில் பெயர் எழுதிக் குலுக்கி, ஒருத்தி மொத்தத்தையும் எடுத்துக்கொண்டாள். எகூப் என்றார்கள். நம் குலுக்கல் சீட்டேதான்! ஏலமும் இல்லை, தள்ளும் இல்லை. போன மாதம் அம்மாவுக்கு உடம்பு முடியாத ஒருத்திக்குக் குலுக்காமலே முதல் சீட்டைக் கொடுத்துவிட்டார்கள். சீட்டுப் பிடிக்கிறவர்கள் ஓடிப்போவதையே பார்த்து வளர்ந்த எனக்கு, எழுத்து இல்லாமல் இது எப்படி ஓடுகிறது என்று ஆச்சரியம். கேட்டேன். "எங்கே ஓடுவாள்? நாளைக்குக் காபிக்கு வர வேண்டாமா?" என்றார் அதே ஓவர்லாக் அம்மா.

அந்தக் காபியை நான் பார்த்தது, நான் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்கார அம்மாவிடம். எமாமா என்றுதான் தெருவே அவரைக் கூப்பிடும், நானும் அப்படியே. ஞாயிறு மதியம் தரையில் பசும்புல் பரப்பி, சாம்பிராணி போட்டு, பச்சைக் கொட்டையைக் கழுவி, கரியடுப்பில் வறுப்பார். வறுத்த சட்டியை ஒவ்வொருவர் முகத்தருகேயும் கொண்டுவந்து புகையைக் காட்டுவார். இடித்து, ஜெபெனா என்ற நீண்ட கழுத்து மண்குடுவையில் கொதிக்கவிட்டு, பிடியில்லாத சின்னக் கிண்ணங்களில் உயரத்திலிருந்து ஊற்றுவார். தொட்டுக்கொள்ளச் சோளப்பொரி. அதே தூளில் தண்ணீர் விட்டு மூன்று சுற்று: அபோல், தோனா, பெரெக்கா. முதலாவதோடு எழுந்து போகிறவரை யாரும் தடுக்கமாட்டார்கள், மதிக்கவும் மாட்டார்கள். முதல் சுற்றில் விலைவாசி, இரண்டாவதில் பிள்ளைகள். மூன்றாவது காபி வெறும் வெந்நீர் மாதிரிதான் இருக்கும், ஆனால் வந்த காரியம் அப்போதுதான் வெளியே வரும். வாடகை கூட்டப் போவதை எமாமா என்னிடம் சொன்னது மூன்றாவது கிண்ணத்தில். பக்கத்து வீட்டுச் சாவுக்கு இடிரிலிருந்து பந்தல், நாற்காலி, சமையல் பாத்திரம் வருவது பேசி முடிந்ததும் அந்தச் சுற்றில்தான். மாதாமாதம் பணம் கட்டிவைக்கும் சாவுச் சங்கத்தைத்தான் இடிர் என்கிறார்கள்.

வேலைக்கோ சுற்றிப் பார்க்கவோ போகிற சைவக்காரர்களுக்கு ஒரு தகவல். புதன், வெள்ளியிலும் பாஸ்காவுக்கு (ஈஸ்டருக்கு) முந்தைய 55 நாள் நோன்பிலும் கவலையே இல்லை, எந்த ஓட்டலிலும் 'யெட்சோம் பெயய்னெட்டு' என்று கேட்டால் பருப்பு, கீரை, பீட்ரூட், உருளைக்கிழங்கு என்று தட்டு நிறைய வரும். சிக்கல் பாஸ்கா முடிந்த பிறகு. அதற்கடுத்த 50 நாள் புதன், வெள்ளி விரதமும் கிடையாது, பல ஓட்டல்களில் அந்தத் தட்டே இருக்காது. அப்போது கைகொடுப்பது ஷிரோ, கடலைமாவுக் குழம்பு. பொசெனா ஷிரோ என்று சொன்னால் மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், அதில் இறைச்சி கிடக்கும்.