செப்டம்பர் 31-இல் வந்த நெல்

வணக்கம் நண்பர்களே. மன்னார்குடிப் பக்கம் ஒரு நெல் மண்டியின் பழைய கணக்கை எக்செல்லிலிருந்து போஸ்ட்கிரஸ் 12 என்ற தரவுத்தளத்துக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன். தேதி இப்போதைக்கு வெறும் எழுத்தாக, டெக்ஸ்ட் நெடுவரிசையில்தான் இருக்கிறது. வம்பே அதில்தான்.

குறுவை வரவில் '31/09/2021' என்று ஏழு வரி. சம்பா அறுவடையில் '30/02/2022'. ஓரிடத்தில் '32/06' என்றே இருக்கிறது! கணக்குப்பிள்ளை ஐயா ஆனி 32-ஐ நாள்காட்டியில் பார்த்து அப்படியே எழுதியிருக்கிறார் போல. ஆனிக்கு 32 நாள் வரும், ஜூனுக்கு ஏது?

எழுத்தைத் தேதியாக மாற்றும் டு_டேட் ஃபங்ஷனைப் போட்டால் முதல் தப்பான வரியிலேயே பிழை வந்து மொத்த குவெரியும் நின்றுவிடுகிறது. போஸ்ட்கிரஸின் பழைய 9.6 பதிப்பில் இதே செப்டம்பர் 31 சத்தமில்லாமல் அக்டோபர் 1 ஆகிவிடும். அதற்கு இது எவ்வளவோ மேல். ரெஜெக்ஸ் (எழுத்து வடிவத்தைப் பொருத்திப் பார்க்கும் முறை) வைத்து வடிகட்டினேன், 32 மாட்டியது, 31/09 தப்பிவிட்டது. 16-ஆம் பதிப்பில், மதிப்பு செல்லுமா என்று பிழை வராமல் சோதிக்கும் பிஜி_இன்புட்_இஸ்_வேலிட் இருக்கிறது, தெரியும். ஆனால் அறுவடை நேரத்தில் சர்வரில் கை வைக்க முதலாளி விடமாட்டார்.

போஸ்ட்கிரஸின் நிரல்மொழியான பிஎல்பிஜிஎஸ்க்யூஎல்-இல், பிழையைப் பிடிக்கும் எக்செப்ஷன் பிளாக்கோடு ஒரு ஃபங்ஷன் எழுதி, தப்பான தேதிக்கு 'நல்' (NULL, வெற்று மதிப்பு) திருப்பலாம் என்று நினைக்கிறேன். நாற்பதாயிரம் வரிக்கு அது ரொம்ப இழுக்குமா? யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா?

அப்புறம், 'மாதக் கடைசி நாளாக மாற்றிவிடு' என்று மட்டும் சொல்லாதீர்கள். பட்டுவாடாக் கணக்கு அந்தத் தேதியில்தான் நிற்கிறது. அசல் எழுத்தைத் தனி நெடுவரிசையில் வைத்துக்கொண்டு, சிட்டையைப் பார்த்துத்தான் திருத்தப்போகிறேன்.