மகனுக்கு ஓ.எல். (சாதாரண தர) பரீட்சையில் மேலதிக நேரம் எடுப்பது எப்படி?

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் பரந்தன் பக்கம். மகன் இப்போது 10 ஆம் ஆண்டு படிக்கிறான், அடுத்தது ஓ.எல்.

சின்ன வயதிலிருந்தே அவனுக்கு வாசிப்பும் எழுத்தும் சிரமம். பாடத்தை நான் வாசித்துக் காட்டினால் போதும், எல்லாளன் துட்டகைமுனு சண்டையை நேரில் பார்த்தவன் மாதிரிக் கதைப்பான். அதையே எழுதச் சொன்னால் அரைப் பக்கத்துக்கு அரை மணித்தியாலம். வரலாறு கட்டாய பாடம், விடவும் ஏலாது. கணிதம் இரண்டாம் பகுதிக்கு 3 மணித்தியாலம். கேள்விகளை வாசித்து விளங்கவே அதில் பாதி போய்விடும்.

இப்படியான பிள்ளைகளுக்குப் பரீட்சைத் திணைக்களம் மேலதிக நேரம் கொடுக்கிறது. தேவையென்றால் சொல்லச் சொல்ல எழுத ஆளும் விடுகிறது. அதிபர் ஊடாக, மருத்துவ அறிக்கையோடு விண்ணப்பிக்க வேண்டும். பாடசாலையில் கேட்டேன். "அது கண் தெரியாத பிள்ளைகளுக்கு அம்மா, இவன் கொஞ்சம் பஞ்சிப்படுகிறான்" என்றார்கள். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996 ஆம் ஆண்டு 28 ஆம் இலக்கச் சட்டத்தைக் காட்டிச் சண்டை பிடிக்கலாம்தான். ஆனால் பிள்ளை இன்னும் ஒரு வருடம் அங்கேதானே இருக்க வேண்டும்.

வன்னியில் யாராவது இதைச் செய்து எடுத்திருந்தால் சொல்லுங்கோ. எந்த டொக்டரின் அறிக்கையை ஏற்றார்கள்? கிளிநொச்சி ஆஸ்பத்திரியிலேயே எடுக்கலாமா, யாழ்ப்பாணம் போக வேணுமா? வலயக் கல்விப் பணிமனையில் விசேட கல்விக்குப் பொறுப்பானவரை முதலில் சந்திப்பது நல்லதா? சொல்லச் சொல்ல எழுத வந்த பிள்ளை எத்தனையாம் ஆண்டு படிக்கிற பிள்ளை?

அவனுக்குத் தெரியாமல்தான் கேட்கிறேன். உள்பெட்டியில் எழுதினாலும் சரி.