சூரியக் கடிகாரத் தொகுப்புகளை எந்த அருங்காட்சியகங்களில் காணலாம்?

கேள்வி

வணக்கம். பள்ளியில் இயற்பியல் கற்பிக்கிறேன். வரும் ஜூன் மாதம் இங்கிலாந்துக்கும் ஜெர்மனிக்கும் செல்லவிருக்கிறேன். பழைய சூரியக் கடிகாரங்களை ஒன்றிரண்டாக அல்லாமல், பலவற்றை அருகருகே வைத்து ஒப்பிடும் அளவுக்குப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. கடிகார அருங்காட்சியகம் என்று தேடினால் ஊசல் கடிகாரங்களும் கைக்கடிகாரங்களுமே வருகின்றன. அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி 1

ஐயா, தேடும் சொல்லை மாற்றிப் பாருங்கள். ஐரோப்பாவின் பெரிய தொகுப்புகள் பலவும், ஆஸ்ட்ரோலேப், குவாட்ரண்ட் போன்ற, வானத்துப் பொருள்களின் உயரத்தை அளக்கும் பழைய கருவிகளோடு சேர்த்து, அறிவியல் கருவிகள் என்ற தலைப்பின்கீழ்தான் இருக்கின்றன.

முதலில் ஆக்ஸ்ஃபோர்டின் அறிவியல் வரலாற்று அருங்காட்சியகத்துக்குச் செல்லுங்கள். காகித ஆலை உரிமையாளரான லூயிஸ் எவான்ஸ் தாம் சேர்த்த சூரியக் கடிகாரங்களையும் பிற கருவிகளையும் 1924-இல் பல்கலைக்கழகத்துக்கு வழங்கினார். அந்த அருங்காட்சியகம் பிறந்ததே அந்தக் கொடையால்தான். கிரீட் தீவில் கினோசஸ் அரண்மனையை அகழ்ந்த ஆர்தர் எவான்ஸின் தம்பி இவர். அங்கே, இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றியின் அமைச்சரான கார்டினல் வுல்சிக்காக, அம்மன்னரின் வானியலாளர் நிக்கோலாஸ் கிராட்சர் ஏறத்தாழ 1525-இல் செய்த பன்முகக் கடிகாரத்தைத் தவறவிடாதீர்கள். ஒரே பொருளின் வெவ்வேறு முகங்களில் தனித்தனிக் கடிகாரங்கள் அமைந்திருக்கும். அதைப் பார்த்த கையோடு லண்டன் நேஷனல் கேலரிக்குச் சென்று, ஓவியர் ஹோல்பைன் 1533-இல் தீட்டிய 'தூதர்கள்' ஓவியத்தின் முன் நில்லுங்கள். இரு தூதர்களுக்கும் நடுவே உள்ள அடுக்கில் அதே வகைப் பன்முகக் கடிகாரம் ஒன்று இருக்கிறது.

நாள் மிஞ்சினால் கேம்பிரிட்ஜில் அறிவியல் கருவிகளுக்கான விப்பிள் அருங்காட்சியகத்தையும் பார்க்கலாம்.

மறுமொழி 2

ஜெர்மனியில் எனக்கு முதலிடம் நியூரம்பர்க் தான். 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் அந்நகரின் திசைகாட்டி செய்வோர், டூஷர், ராய்ன்மன், ட்ரோஷல் போன்ற குடும்பங்களாக, தந்தத்தால் சட்டைப்பைக் கடிகாரங்களைச் செய்து வந்தார்கள். புத்தகம் போல் மடியும் இரண்டு தந்தத் தகடுகள். திறந்து நிறுத்தினால் அவற்றுக்கிடையே ஒரு நூல் இழுபட்டு நிற்கும், அந்த நூலின் நிழலே நேரம் காட்டும். கீழ்த்தகட்டில் சிறு திசைகாட்டி பதிந்திருக்கும். பயணிகளுக்கான கருவி என்பதால், ஊருக்கு ஊர் நூலின் சாய்வை மாற்ற மேல்தகட்டில் துளைகளும், பலவற்றில் நகரங்களின் அட்சரேகைப் பட்டியலும் உண்டு. சூரிய உதயத்திலிருந்து எண்ணும் மணி, அஸ்தமனத்திலிருந்து எண்ணும் மணி என்று வெவ்வேறு நாட்டுக் கணக்குகளையும் அதே சிறு தகட்டில் வரைந்திருப்பார்கள். ஒரு வணிகர் எத்தனை ஊர்க் கணக்குகளோடு வாழ வேண்டியிருந்தது என்பது அதைப் பார்த்தால் விளங்கும். அந்நகரின் ஜெர்மானிய தேசிய அருங்காட்சியகத்தில் இவற்றைக் காணலாம். டிரெஸ்டன் ஸ்விங்கர் மாளிகையில் உள்ள கணித-இயற்பியல் கூடமும் பார்க்கத் தக்கது.

மறுமொழி 3

ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். எந்த அருங்காட்சியகமும் தன்னிடமுள்ள எல்லாவற்றையும் காட்சிக்கு வைப்பதில்லை. பெரும்பகுதி கிடங்கில்தான் இருக்கும். இணைய அட்டவணையில் ஒரு பொருள் காட்சியில் உள்ளதா என்று பார்த்து, இல்லாதவற்றுக்குக் காப்பாளருக்குச் சில வாரங்கள் முன்பே எழுதுங்கள். ஆசிரியர் என்பதையும், எந்தப் பொருளை எதற்காகப் பார்க்க விரும்புகிறீர்கள் என்பதையும் பதிவு எண்ணோடு குறிப்பிடுங்கள்.

கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பவை வெயிலைக் காண்பதில்லை என்பது எனக்கு எப்போதும் ஒரு குறைதான். ஆகவே லண்டனின் கிரீனிச்சில் திறந்த வெளியில் 1977-இல் அமைக்கப்பட்ட டால்பின் கடிகாரத்தையும் பாருங்கள். இரண்டு வெண்கல டால்பின்களின் வால் நுனிகளுக்கு இடையிலுள்ள இடைவெளியின் நிழல் அங்கே நேரம் சொல்கிறது.

கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நூல் கடிகாரத்தை அட்டையில் செய்து மாணவர்களிடம் காட்ட எண்ணுகிறேன். எங்கள் மதுரையின் அட்சரேகை ஏறத்தாழ 10 பாகை என்பதால் அதே நூல் எப்படி நிற்கும்?

மறுமொழி 2

நூல் தரையோடு அட்சரேகை அளவுக்கே சாய வேண்டும். நியூரம்பர்க்கில் அது 49 பாகைக்கு மேல். மதுரையில் கீழ்த்தகட்டின்மீது ஏறக்குறையப் படுத்துவிடும், மணிக்கோடுகளும் நண்பகல் கோட்டை ஒட்டி நெருங்கிவிடும். ஆகவே அட்டையைச் சற்றுப் பெரிதாக வெட்டிக்கொள்ளுங்கள்.