சிங்கப்பூரில் 9 மணி நேரக் காத்திருப்பு: அம்மா தனியாகச் சமாளிப்பாரா?

குன்னூர்க்காரன்:
அக்காவுக்கு மெல்போர்னில் பிரசவம், அம்மா ஐப்பசியில் கிளம்புகிறார். முதல் வெளிநாட்டுப் பயணம், அதுவும் தனியாக. கோவையில் இரவு ஏறினால் விடியற்காலை சிங்கப்பூர். அங்கிருந்து மெல்போர்னுக்கு இரண்டு டிக்கெட் காட்டுகிறது, ஒன்றில் இடைவெளி ஒன்றேகால் மணி நேரம், இன்னொன்றில் 9 மணி நேரம். வயதானவரை அவ்வளவு நேரம் நாற்காலியில் உட்கார வைப்பது பாவம், முதல் டிக்கெட்டையே எடு என்று மாமா பிடிவாதமாக நிற்கிறார். அம்மா நன்றாக நடப்பார், ஆங்கிலம் எழுத்துக்கூட்டிப் படிப்பார், பேச வராது. போய் வந்தவர்கள் சொல்லுங்களேன்.

கோத்தகிரி அக்கா:
தம்பி, 9 மணி நேரத்தையே எடுங்க. ஒன்றேகால் மணி நேரத்தில், அதுவும் முதல் தடவை, இறங்கி ரயில் பிடித்து கேட்டைத் தேடி ஓடுவதுதான் பாவம். கோவையிலிருந்து விமானம் அரை மணி தாமதமானால் என்ன செய்வார்?

நானும் மகன் வீட்டுக்குப் போகும்போது அங்கே ஒரு பகல் முழுக்கக் கிடக்க வேண்டி வந்தது. போகும் வரை புலம்பிக்கொண்டேதான் போனேன். போனால் தரையெல்லாம் கம்பளம், சத்தமே இல்லை, கால் நீட்டிப் படுக்கிற மாதிரி சாய்வு நாற்காலிகளைக் காசில்லாமலே போட்டிருக்கிறார்கள். முதலில் ஒரு தூக்கம் போட்டேன். எழுந்து டெர்மினல் 3-இல் இருக்கும் பட்டாம்பூச்சித் தோட்டத்துக்குப் போனேன். இரண்டு மாடி உயரம், உள்ளேயே சின்ன அருவி, அன்னாசித் துண்டில் பூச்சிகள் உட்கார்ந்து உறிஞ்சிக்கொண்டிருந்தன, ஒன்று என் தோளிலேயே வந்து உட்கார்ந்தது. விடிந்து நன்றாக வெளிச்சம் வந்த பிறகு போகச் சொல்லுங்க, இருட்டில் எல்லாம் இலைக்கடியில் ஒட்டிக்கொண்டிருக்கும். டெர்மினல் 1-இல் கள்ளிச்செடித் தோட்டமும் உண்டு. அதில் எனக்குப் பெரிய சுவாரசியம் இல்லை, ஆனால் திறந்தவெளி, கொஞ்சம் வெயில் காயலாம். கால் பிடித்துவிடும் இயந்திரம்கூட இலவசம். என்னை எழுப்பி நகர்த்த வேண்டியிருந்தது.

வெலிங்டன்வாசி:
அக்கா சொன்னது அத்தனையும் குடிநுழைவை, அதாவது பாஸ்போர்ட் சோதனையை, தாண்டாமல் உள்ளேயே பார்க்கக்கூடியவை. எல்லோரும் போட்டோ போடுகிற அந்தப் பெரிய உள்ளரங்க அருவி ஜுவல் கட்டடத்தில் இருக்கிறது, 2019-இல் திறந்தது, 40 மீட்டர் உயரம். அது குடிநுழைவுக்கு வெளியே. இந்தியப் பாஸ்போர்ட்டுக்குச் சிங்கப்பூர் விசா வேண்டும். செல்லுபடியாகும் ஆஸ்திரேலிய விசாவும் 96 மணி நேரத்துக்குள் கிளம்பும் உறுதியான டிக்கெட்டும் இருந்தால் விசா இல்லாமல் வெளியே விடும் வசதி ஒன்று உண்டு, ஆனால் கடைசி முடிவு அங்கே உட்கார்ந்திருக்கும் அதிகாரியுடையது. வெளியே போவதானால் சிங்கப்பூர் வருகை அட்டையைப் போய்ச் சேர்வதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும், அதற்குக் கட்டணம் கிடையாது, பணம் கேட்கும் தளத்தைக் கண்டால் மூடிவிடுங்கள். பேச வராதவரை இதற்கெல்லாம் அனுப்ப மாட்டேன். டெர்மினல் 2-க்கும் 3-க்கும் நடுவே ஓடும் ஸ்கைட்ரெயின் என்கிற குட்டி ரயில் ஜுவலுக்குள் புகுந்துதான் போகிறது, உட்கார்ந்தபடியே அருவியைப் பார்த்துவிடலாம். காலை பத்து, பதினொரு மணிக்கு மேல் போகட்டும், அதிகாலையில் தண்ணீர் விழாது.

அப்புறம், இரண்டு விமானமும் ஒரே டிக்கெட்டில் இருக்கிறதா என்று பாருங்கள், அதுதான் முக்கியம். தனித்தனியாக வாங்கினால் பெட்டியை அவரே வெளியே போய் எடுத்து மறுபடி போட வேண்டி வரலாம், அப்போது மேலே சொன்ன விசா சமாச்சாரம் எல்லாம் தலையில் விழும். ஒரே டிக்கெட் என்றால் கோவையிலேயே இரண்டு போர்டிங் பாஸும் கேட்டு வாங்கி, பெட்டிச் சீட்டில் மெல்போர்ன் என்று இருக்கிறதா பார்த்துக்கொள்ளுங்கள்.

கொடைக்கானல் குளிர்:
40 மீட்டர் அருவியைப் பார்க்கவா கோத்தகிரிக்காரர்கள் ஏரோப்பிளேன் ஏறணும், உங்கள் கேத்தரின் அருவி 250 அடி ஆயிற்றே 😄

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நடக்க முடிந்தவருக்கு வீல்சேர் போடாதீர்கள். மொழி தெரியாதவர்களுக்குத் துணை என்று நிறையப் பேர் போடுகிறார்கள், என் பெரியம்மாவுக்கும் போட்டோம். பத்திரமாகத்தான் கொண்டுபோனார்கள், ஆனால் ஒரு மூலையில் உட்கார வைத்து, அடுத்த விமானம் வரை நகரவிடவில்லை. தோட்டமும் இல்லை, ஒன்றும் இல்லை. ஒன்றேகால் மணி நேர டிக்கெட் என்றால் வீல்சேர் சரி, 9 மணி நேரத்துக்கு வேண்டாம். ஏ.சி. குளிரும், ஆனால் மலைக்காரர்களுக்கு அதைச் சொல்ல வேண்டியதில்லை, ஸ்வெட்டர் எப்படியும் கையில் இருக்கும்.

குன்னூர்க்காரன்:
ஒரே டிக்கெட்தான், இப்போது பார்த்தேன். மாமாவுக்கு இந்தப் பக்கத்தை அப்படியே அனுப்பிவிட்டேன். சாப்பாட்டுக்கு என்ன செய்வார்? இட்லி கட்டிக் கொடுக்கலாமா? வர்க்கி பிஸ்கட்டும் தேயிலையும் அக்காவுக்கு எடுத்துப் போகிறார்.

கோத்தகிரி அக்கா:
இட்லியில் மிளகாய்ப்பொடி தடவிக் கொடுங்க, சட்னி வேண்டாம். மிச்சத்தைச் சிங்கப்பூரிலேயே முடித்துவிடணும். குடிதண்ணீர்க் குழாய் எங்கும் உண்டு, ஆனால் கேட் வாசலில் மறுபடி சோதனை நடக்கும், பாட்டிலைக் காலி செய்துவிட்டு உள்ளே போகச் சொல்லுங்க. வர்க்கி, தேயிலை எதுவானாலும் ஆஸ்திரேலியாவில் இறங்கும்போது கொடுக்கும் அட்டையில் உணவுப்பொருள் இருக்கிறது என்று எழுதிக் காட்டிவிடணும், மறைத்தால் அபராதம். மகளுக்கு அவரைக்கொட்டை, கீரை விதை என்று எதையாவது முடிந்து பெட்டிக்குள் போடுவார், அதை மட்டும் கிளம்பும் முன் நீங்களே பிரித்துப் பார்த்து எடுத்துவிடுங்க.