ஆச்சிமார் தாலாட்டு முதல் முளைப்பாரிக் கும்மி வரை: நீங்கள் எந்த ரெக்கார்டிங் சாஃப்ட்வேர் எடுத்தீர்கள்?

காரைக்குடி:
எது நல்ல டிஏடபிள்யூ (கம்ப்யூட்டரில் பாட்டைப் பதிவு செய்து கோக்கும் சாஃப்ட்வேர்) என்று கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். எதைப் பதிவு செய்யப் போகிறோம் என்று முதலில் பாருங்கள் என்பேன். நான் எடுப்பது நகரத்தார் வீட்டு ஆச்சிமார் பாடும் தாலாட்டு. தாளம் தட்டிக் காட்டும் கிளிக் கிடையாது, சுருதிப்பெட்டியும் கிடையாது. ஒரு கண்ணியை இழுத்துப் பாடுவார்கள், அடுத்ததை மளமளவென்று முடிப்பார்கள். பேரன் எட்டிப் பார்த்தால் நடுவிலேயே "சாப்டியாப்பா" என்று கேட்டுவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள்.

கானாடுகாத்தானில் ஒரு வீட்டு வளவில் (நடு முற்றத்தில்) உட்கார்ந்து பாடச் சொன்னோம். சுண்ணாம்புச் சுவரிலும் ஆத்தங்குடிக் கல்லிலும் பட்டுக் குரல் சுற்றிச் சுற்றி வந்தது. கேட்க ரம்மியம்தான், ஆனால் சொல் பிடிபடவில்லை. மெத்தையும் துணி மூட்டையும் அடுக்கியிருந்த உள்வீட்டுக்கு மாறினோம், வார்த்தை பளிச்சென்று விழுந்தது. இடம் சரியில்லாவிட்டால் எந்த சாஃப்ட்வேரும் கைகொடுக்காது.

ஏபிள்டன் லைவ் என்ற சாஃப்ட்வேர் மேடைக்கு அருமையானது. ஆனால் நீளமான ஆடியோவை உள்ளே போட்டால் அதுவாகவே தாளத்துக்கு இழுத்து நிறுத்தப் பார்க்கும். தாலாட்டுக்கு அது ஆகாது, செட்டிங்ஸில் அந்த ஆட்டோ வார்ப்பை அணைத்துவிட வேண்டும். நான் ரீப்பர் என்ற சாஃப்ட்வேரில் நிலைத்தேன். புராஜெக்ட் டைம்பேஸை (பதிவுகள் எதை ஒட்டி நிற்க வேண்டும் என்ற செட்டிங்) 'டைம்' என்று வைத்துவிட்டால், டெம்போவை, அதாவது தாள வேகத்தை, எப்படி மாற்றினாலும் ஆச்சியின் குரல் இருந்த இடத்திலேயே இருக்கும். பிறகு அவர்கள் மூச்சு விடும் இடங்களைப் பார்த்துக் கோடு போட்டு, புல்லாங்குழலை அதற்கேற்ப வாசிக்க வைக்கலாம். பாட்டுக்காரருக்குப் பின்னால் மெஷின் போக வேண்டும், அதுதான் முறை.

வின்ஆம்ப் என்ற பாட்டுப் பிளேயரைச் செய்த ஜஸ்டின் ஃபிராங்கெல்தான் ரீப்பரையும் தொடங்கினார். 60 நாள் முழுதாகப் பயன்படுத்திப் பார்க்கலாம், தனிநபர் லைசென்ஸ் 60 டாலர். பழைய லேப்டாப்பிலும் ஓடுகிறது.

தேவகோட்டை:
அண்ணே, எனக்கு நேர் எதிர். முளைப்பாரிக்குக் கும்மிப் பாட்டு போடுகிறேன், தாளம்தான் எல்லாம். பறை, உருமி அடிகளைத் துண்டு துண்டாக எடுத்து எஃப்எல் ஸ்டுடியோவில் பேட்டர்னாக அடுக்கினால் வேலை சட்டென்று முடிகிறது. ஒருமுறை வாங்கினால் அடுத்தடுத்த வெர்ஷன்கள் ஆயுளுக்கும் இலவசம். வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: குறைந்த விலை ஃப்ரூட்டி எடிஷனில் குரல் பதிவு செய்ய முடியாது, அதற்கு புரொட்யூசர் எடிஷன் வேண்டும். டிரையலில் சேமித்த புராஜெக்டை வாங்கிய பிறகுதான் மறுபடி திறக்க முடியும்.

காரைக்குடி:
சரியாகச் சொன்னீங்க தம்பி, கும்மிக்கு நானும் அதைத்தான் சொல்வேன். பாடுகிறவர் ஹெட்ஃபோனில் தன் குரல் தாமதமாக வருகிறது என்றால் சாஃப்ட்வேரை மாற்றாதீர்கள், முதலில் பஃபரை (கம்ப்யூட்டர் ஒரு தடவைக்கு எத்தனை சாம்பிளைச் சேர்த்து எடுக்கிறது என்ற அளவு) பாருங்கள். நொடிக்கு 44,100 என்ற சாம்பிள் ரேட்டில் பஃபர் 1024 என்றால் ஒரு வழிக்கே 23 மில்லி செகண்ட், போய்வர இரட்டிப்பு. 256க்கு இறக்கினால் ஒரு வழிக்கு 6 மில்லி செகண்டுக்குள் வந்துவிடும். மிக்ஸிங்கின்போது திரும்ப ஏற்றிக்கொள்ளலாம்.

பள்ளத்தூர்:
மேக் வைத்திருந்தால் கராஜ்பேண்ட் என்ற ரெக்கார்டிங் சாஃப்ட்வேர் இலவசம். அதில் செய்த வேலையை அப்படியே ஆப்பிளின் பெரிய சாஃப்ட்வேரான லாஜிக்கில் திறக்கலாம் என்பதால் நான் அந்த வழியில் போனேன். லாஜிக் விண்டோஸில் கிடையாது, வீட்டில் இருக்கும் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

சென்னையில் மிக்ஸ் செய்கிறவர் புரோ டூல்ஸ் என்ற சாஃப்ட்வேர் வைத்திருக்கிறார் என்பதற்காக நாமும் அதையே வாங்க வேண்டியதில்லை. எல்லா ட்ராக்கையும் பாட்டின் தொடக்கத்திலிருந்தே, இடையில் மௌனம் இருந்தாலும் வெட்டாமல், 24 பிட் வேவ் ஃபைலாக எடுத்து அனுப்புகிறேன். டெம்போவையும் சாம்பிள் ரேட்டையும் ஃபோல்டர் பெயரிலேயே எழுதிவிடுவேன். இதுவரை ஒரு ட்ராக்கும் இடம் தப்பியதில்லை.