கருப்பசாமி பங்காளிக குழு

சித்தப்பா: கடமலைக்குண்டுல இருந்து பூசாரி அனுப்புன போட்டோ 3. ராத்திரி மழைக்கு நம்ம கோயில் மேற்குச் செவரு சாஞ்சிருச்சு

அத்தை: ஐயோ கருப்பா

பாண்டி அண்ணன்: வர்ற வெள்ளி சாமி கும்புடு. மொட்டைக்கு ஆள் சொல்லியாச்சு

சித்தப்பா: தலைக்கட்டுக்கு 3000 வரி போட்டா கான்கிரீட்லயே எழுப்பிரலாம்

அத்தை: போன வரி யாரு பாக்கின்னு முதல்ல சொல்லு முருகேசா

சித்தப்பா: அது இப்ப எதுக்குக்கா

பெரியப்பா: எல்லாரும் முழுசா வாசிங்க. செவரு வெளிப்பக்கமா சாஞ்சு கிடக்கு பாருங்க. மேட்டுல இருந்து இறங்குன தண்ணி வடிய வழியில்லாம மண்ணுலயே நின்னு, கனத்துப் போய்ச் செவரைத் தள்ளியிருக்கு. கான்கிரீட்டா இருந்தாலும் அடியில ஓட்டை விட்டு, பின்னாடி ஜல்லி போடலைன்னா இதே கதிதான்.

கார்த்தி துபாய்: வாய்ஸ்ல போடுங்க பெரியப்பா

பெரியப்பா: வாசிப்பா. எங்க சின்ன வயசுல அந்த மேட்டுல சருகு கணுக்கால் வரைக்கும் கிடக்கும். மழை சருகுல விழுந்து மெதுவா உள்ள இறங்கும். வெறும் மண்ணுல விழுற துளி மண்ணைத் தெறிக்க வச்சு, மேல இருக்க சின்னச் சின்னத் துவாரத்தை அடைச்சிரும். அப்புறம் தண்ணி உள்ள இறங்காம சரிவுலதான் ஓடும். முதல்ல விரல் அகலக் கோடு, அடுத்த மழைக்கு வாய்க்கா, அதுக்கப்புறம் ஓடை. வண்டி நிறுத்தணும்னு போன வருசம் ஜேசிபி வச்சு மேட்டை வழிச்சீங்கள்ல, அங்க ஆரம்பிச்சது இது.

பாண்டி அண்ணன்: என்னையவா சொல்றீங்க

பெரியப்பா: உன்னையத்தான்

சித்தப்பா: அன்னைக்கு நீங்களும்தானண்ணே வந்து நின்னீங்க

அத்தை: ஆரம்பிக்காதீங்க. கிடா யாரு பொறுப்பு?

கவிதா: வேன் 21 சீட்டா 25ஆ?

பெரியப்பா: அந்த மண்ணு அம்புட்டும் மூல வைகை வழியா வைகை அணைக்குத்தான் போகுது. 1959ல திறந்த அணை. பேப்பர்ல நீர்மட்டம் 71 அடின்னு போடுறாங்க, அடியில கிடக்குற வண்டலை யாரு கழிக்கிறா? வருசநாட்டுல மரம் போன சரிவெல்லாம் அங்க வந்துதான் படுத்திருக்கு. மதுரையில நாம குடிக்கிற தண்ணி அது.

கார்த்தி துபாய்: வண்டலை அள்ளி வயலுக்கு அடிக்கலாமே. தாத்தா கண்மாய்க் கரம்பை அடிப்பாருல்ல

அத்தை: அந்த வயல வித்தது யாருன்னு கேளு

சித்தப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

கவிதா: என்ன சித்தப்பா அழிச்சீங்க

பாண்டி அண்ணன்: செவரு கிடக்கட்டும். கருப்புக்குப் பின்னாடி இருக்க உருண்டைப் பாறை? மலையில இருந்து உருண்டு வந்ததுன்னுதான தாத்தா சொல்வாரு

பெரியப்பா: நல்லாக் கேட்ட. அது எங்க இருந்தும் உருண்டு வரல, அங்கயே உருவானது. பாறை விரிசல்ல தண்ணி இறங்கும், மூலைகதான் முதல்ல உதிரும், நடுவுல இருக்கது வெங்காயத் தோல் மாதிரி உரிஞ்சு உரிஞ்சு உருண்டையாகும். சுத்தி உதிர்ந்த மண்ணு கழுவிப் போனப்புறம் வெளிய தெரியுது. இதுவரைக்கும் உருளல. ஆனா அடிமண்ணு அரிச்சா உருளும். 2வது போட்டோவுல பாறைக்குக் கீழ நிழல் மாதிரி தெரியுதா? அது பள்ளம்னு நினைக்கிறேன்.

அத்தை: அண்ணே அங்கதான பொம்பளைக பொங்கல் வைப்போம்

பெரியப்பா: அதான் எனக்குப் பதறுது. ஞாயிறு நான் போய்ப் பாக்குறேன், அதுவரைக்கும் வரி கிரின்னு பேசாதீங்க. சரிவுக்குக் குறுக்க வெட்டிவேரு வைக்கணும். பாண்டி, நீயும் வா.

பாண்டி அண்ணன்: ஞாயிறு ஒரு கல்யாணம்… பாக்குறேன் பெரியப்பா

சித்தப்பா: கொத்தனாருக்கு 5000 அட்வான்ஸ் குடுத்துட்டேனே

அத்தை: யாரக் கேட்டு?

கவிதா: வேன்காரரு கேக்குறாரு. 21ஆ 25ஆ?