ஆப்ஷன் ஆட்டத்தில் ஒரு ஆளைத் தடுக்காமலேயே விட்டுவிடுகிறார்களே, ஏன்?

புதுப்பார்வையாளன்:

அமெரிக்க ஃபுட்பால் பார்க்க ஆரம்பித்து இரண்டு வருஷம் ஆகிறது. தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல். ஓரளவு பிடிபட்டுவிட்டது. கல்லூரி ஆட்டம்தான் கண்ணைக் கட்டுகிறது.

2024 டிசம்பரில் ராணுவக் கல்லூரிக்கும் கடற்படைக் கல்லூரிக்கும் நடந்த ஆர்மி–நேவி ஆட்டத்தை (நேவி 31-13 என்று ஜெயித்தது) அண்மையில் மறுபடி போட்டுப் பார்த்தேன். பல இடங்களில் கேமராவே ஏமாந்துபோகிறது. நடுவில் ஒருவர் குனிந்து முட்டிக்கொண்டு போகிறார், அவர் மேல் நாலு பேர் விழுகிறார்கள், பார்த்தால் அவர் கையில் பந்தே இல்லை. பந்து எங்கோ ஓரத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது.

ரீப்ளேயில் இன்னொன்றும் கவனித்தேன். தற்காப்பு வரிசையின் ஓரத்தில் நிற்கிற பெரிய ஆளை யாரும் தொடவே இல்லை. எதிரே இருக்கிற டேக்கிள் (வரிசையின் ஓரத்தில் நின்று தடுக்கிறவர்) அவனைத் தாண்டி உள்ளே போய் வேறு யாரையோ இடிக்கிறார். முதல் தடவை, டேக்கிள் ஆளை மாற்றிப் பிடித்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். திரும்பத் திரும்ப அதேதான் நடக்கிறது. வேண்டுமென்றே செய்வதா? அப்படியென்றால் என்ன கணக்கு? அப்புறம், இது இவ்வளவு வேலை செய்யும் என்றால் என்.எஃப்.எல்.லில் ஏன் காணோம்?

சனிக்கிழமைவிரதம்:

தப்பு இல்லை, அதுதான் ஆட்டமே. வடக்குக்கேலரி அண்ணன் இந்தக் கேள்வியைப் பார்த்தால் விடமாட்டார். தலையணையோடு உட்காருங்கள்.

வடக்குக்கேலரி:

வந்துவிட்டேன்.

முதலில் ஆள் கணக்கு. இரண்டு பக்கமும் பதினொரு பேர். சாதாரண ரன்னில் (பந்தோடு ஓடும் ஆட்டத்தில்), பந்தை முதலில் வாங்கி ஆட்டத்தை நடத்துகிற குவார்ட்டர்பேக் அதை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு வேடிக்கை பார்ப்பார். பந்தை வாங்கினவர் யாரையும் தடுக்க முடியாது. ஆக, பதினொரு பேரைத் தடுக்க இருப்பது ஒன்பது பேர். என்னதான் நன்றாகத் தடுத்தாலும் இரண்டு ஆள் துண்டு விழும். ஆப்ஷன்காரர்கள் இதைத்தான் வேறு விதமாக ஈடுகட்டினார்கள். ஒருவனைத் தடுக்காதே, அவனை முடிவெடுக்க விடு, அவன் எடுத்த முடிவுக்கு எதிர்ப்பக்கம் பந்தைக் கொண்டுபோ. அவன் மதில் மேல் பூனையாக நின்றுவிட்டால், ஒரு ஆளும் செலவாகாமல் அவன் ஆட்டத்திலிருந்து வெளியே போய்விட்டான். அவனை இடித்திருக்க வேண்டிய டேக்கிள் இப்போது தற்காப்பு வரிசைக்குப் பின்னால் நிற்கிற லைன்பேக்கரை இடிக்கப் போகலாம். நீங்கள் ரீப்ளேயில் பார்த்தது அதைத்தான்.

நான் 2008ல் மேல்படிப்புக்கு அட்லாண்டா போனேன். ஜார்ஜியா டெக்கில் பால் ஜான்சன் பயிற்சியாளராகப் பொறுப்பேற்றதும் அதே வருஷம்தான். 2018 வரை இருந்தார். எனக்குக் கிடைத்த இடம் பாபி டாட் மைதானத்தின் வட முனையில், மேல் தட்டில். முதலில் சலித்துக்கொண்டேன், பக்கவாட்டில் உட்கார்ந்தால்தானே எத்தனை யார்டு போனார்கள் என்று தெரியும். இரண்டு மூன்று ஆட்டத்துக்குப் பிறகுதான் புரிந்தது, ஆப்ஷன் பார்க்க அதைவிட நல்ல இடம் கிடையாது என்று. முனையிலிருந்து பார்த்தால் வரிசையில் இருக்கிற இடைவெளி தெரியும், தடுக்கப்படாதவன் உள்ளே மடங்குகிறானா வெளியே நிற்கிறானா என்பது தெரியும். டிவியின் பக்கவாட்டுக் கேமராவில் அது எல்லாம் ஒரே மூட்டையாகத்தான் தெரியும். உங்கள் கண்ணில் தப்பில்லை.

ஜான்சன் ஆடியது ஃபிளெக்ஸ்போன் என்ற அமைப்பு. குவார்ட்டர்பேக்குக்கு நேர் பின்னால் பி-பேக் என்ற ஓட்டக்காரர். இரண்டு ஓரங்களிலும், டேக்கிளுக்குச் சற்று வெளியே ஒரு எட்டு பின்னால் தள்ளி, ஆளுக்கொரு ஏ-பேக். ஸ்னாப்புக்கு (குவார்ட்டர்பேக் கைக்குப் பந்து வருவதற்கு) கொஞ்சம் முன்னால் ஒரு ஏ-பேக் பின்பக்கமாக ஓட ஆரம்பிப்பார்.

பந்து கைக்கு வந்ததும் குவார்ட்டர்பேக் அதை பி-பேக்கின் வயிற்றில் வைக்கிறார். வைக்கிறார், ஆனால் விடுவதில்லை. இரண்டு பேரும் சேர்ந்து ஒரு எட்டு, ஒன்றரை எட்டு நகர்கிறார்கள். அந்த நேரத்தில் குவார்ட்டர்பேக்கின் கண் பந்தில் இல்லை, தடுக்கப்படாமல் நிற்கிற முதல் ஆள் மேல் இருக்கிறது. அவன் பி-பேக்கைப் பிடிக்க உள்ளே வந்தால் பந்தை உருவிக்கொள்ள வேண்டும். வரவில்லை என்றால் கையை எடுத்துவிட வேண்டும். உருவிக்கொண்டால் ஆட்டம் அத்தோடு முடியாது. வெளிப்பக்கம் தடுக்கப்படாத இரண்டாவது ஆள் ஒருவன் நிற்பான். அவன் குவார்ட்டர்பேக் மேல் பாய்ந்தால், பின்னால் சுற்றி ஓடிவருகிற ஏ-பேக்குக்குப் பந்தைப் பின்பக்கமாகத் தூக்கிப் போட வேண்டும், இதுதான் பிட்ச். பாயாமல் ஏ-பேக்கைக் காவல் காத்தால் தானே உள்ளே புகுந்து ஓட வேண்டும். ட்ரிபிள் ஆப்ஷன் என்பது இவ்வளவுதான். மூன்று வழி, இரண்டு ஆள் மேல் கண், மொத்தம் இரண்டு விநாடி கூட இருக்காது.

சொல்ல எளிது. பி-பேக்கின் கையைப் பற்றி யோசித்துப் பாருங்கள். வயிற்றில் பந்து இருக்கிறது, அது தனக்கா இல்லையா என்று அவருக்குத் தெரியாது. இறுக்கிப் பிடித்தால் குவார்ட்டர்பேக் உருவ முடியாது. தளர விட்டால், நிஜமாகவே கொடுக்கும்போது பந்து கீழே போகும். மேலும் கீழுமாகக் கை லேசாக மூடியிருக்க வேண்டும், மற்றவரின் கை விலகினது தெரிந்த நொடியில் இறுக வேண்டும். இதை மெஷ் என்பார்கள். நாங்கள் ஆய்வகத்து ஆட்கள் ஆறேழு பேர் ஞாயிற்றுக்கிழமைகளில் ஃபிளாக் ஃபுட்பால் ஆடுவோம். ஒரு நாள் துணிந்து இதைச் செய்து பார்த்தோம். நான் குவார்ட்டர்பேக். மூன்று தடவை செய்ததில் இரண்டு தடவை நானும் நண்பனும் பந்தை ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டு நின்றோம். மூன்றாவது தடவை உருவிவிட்டேன், பெருமையாக ஓரத்துக்குப் பிட்ச் செய்தேன், அங்கே வரவேண்டியவன் இன்னும் கிளம்பவே இல்லை. பின்பக்கமாகப் போட்ட பந்து தரையில் விழுந்தால் அது இன்கம்ப்ளீட் (பிடிபடாத பாஸ்) ஆகாது, எடுத்தவனுக்குச் சொந்தம். எடுத்தவன் எதிரணி. அதன் பிறகு ஜாஷ் நெஸ்பிட் மேல் எனக்கு மரியாதை பல மடங்கு கூடிவிட்டது.

நெஸ்பிட் 2009ல் டெக்கின் குவார்ட்டர்பேக். அந்த அக்டோபரில் நாலாம் ரேங்கில் இருந்த வர்ஜீனியா டெக் இரவு ஆட்டத்துக்கு வந்தது. எங்கள் அணி 28-23 என்று ஜெயித்தது. எங்கள் பக்கம் பிடிபட்ட பாஸ் ஆட்டம் முழுக்க ஒன்றே ஒன்று. மற்றதெல்லாம் தரையில். கடைசியில் மாணவர்கள் களத்துக்குள் இறங்கி கோல்போஸ்ட்டையே சாய்த்துவிட்டார்கள். நான் மேல் தட்டிலிருந்து படி இறங்கி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

புதுப்பார்வையாளன்:

சார், இப்போதுதான் புரிகிறது. ஆனால் இப்படி மூன்று வழிதான் என்று ஊருக்கே தெரியும்போது எதிரணி ஏன் மூன்று ஆளை ஒதுக்கி நிறுத்தக் கூடாது?

பந்துவீசுப்பா:

நிறுத்தலாம், நிறுத்துகிறார்கள். அதனால்தான் என்.எஃப்.எல்.லில் இது இல்லை. மூன்று யார்டு, நாலு யார்டு, மறுபடி மூன்று யார்டு. அரை மணி நேரம் பார்த்தால் எனக்குத் தூக்கம் வருகிறது. அண்ணன் சொன்ன அதே டெக், 2008 சீசன் கடைசியில் எல்.எஸ்.யூ.விடம் (லூசியானா ஸ்டேட்) 38-3 என்று வாங்கியதைச் சொல்லவில்லையே? அடுத்த சீசன் கடைசியில் ஆரஞ்ச் பௌல் ஆட்டத்தில் அயோவாவிடம் 24-14. தயாராக ஒரு மாசம் கொடுத்தால் நல்ல தற்காப்பு இதைப் பிரித்து மேய்ந்துவிடும்.

என்.எஃப்.எல்.லுக்கு இன்னும் இரண்டு காரணம். ஒன்று, கோடி கோடியாகக் கொடுத்து வைத்திருக்கிற குவார்ட்டர்பேக்கை ஒரு ஆட்டத்தில் இருபது தடவை அடி வாங்க எந்த முதலாளியும் விடமாட்டான். இரண்டாவது, களத்தில் போட்டிருக்கிற ஹேஷ் கோடு. இந்த இரண்டு கோட்டுக்குள்தான் ஒவ்வொரு தடவையும் பந்தை வைத்து ஆரம்பிப்பார்கள். கல்லூரியில் இரண்டு ஹேஷுக்கும் நடுவே 40 அடி. என்.எஃப்.எல்.லில் பதினெட்டரை அடிதான். கல்லூரிக் களத்தில் பந்து ஒரு ஹேஷில் இருந்தால் ஒரு பக்கம் 60 அடி, மறு பக்கம் 100 அடி திறந்து கிடக்கும். பிட்ச் போட்டு ஓட அந்த 100 அடி வேண்டும். என்.எஃப்.எல்.லில் பந்து எப்போதும் ஏறக்குறைய நடுவிலேயே இருக்கும்.

வடக்குக்கேலரி:

எல்.எஸ்.யூ. ஆட்டத்தை ஞாபகப்படுத்தியதற்கு நன்றி. அட்லாண்டாவிலேயே நடந்தது, இடைவேளையில் வீட்டுக்குக் கிளம்பினவர்களில் நானும் ஒருவன். ஹேஷ் கணக்கும் சரி. தூக்கம் விஷயத்தில் மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

புதியவர் கேட்டதற்கு வருகிறேன். டைவுக்கு (நடுவில் முட்டுகிற பி-பேக்குக்கு) ஒருவன், குவார்ட்டர்பேக்குக்கு ஒருவன், பிட்ச்சுக்கு ஒருவன் என்று ஒதுக்குவதுதான் முறை. அதில் சிக்கல், ஒவ்வொருவனும் தன் வேலையை மட்டும் செய்ய வேண்டும். பந்து எங்கே போகிறது என்று தேட ஆரம்பித்தவன் செத்தான். பிறவியிலிருந்து பந்தைத் துரத்தியே பழகினவனிடம், பந்தைப் பார்க்காதே, பி-பேக்கிடம் பந்து இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவனை இடி என்று சொன்னால் முதல் கால் பகுதியில் கேட்பான். மூன்றாவது கால் பகுதியில் கேட்க மாட்டான். சாதாரண வாரத்தில் பயிற்சிக்குக் கிடைப்பது மூன்று நாலு நாள். அதில் இந்த ஆட்டத்தை அதே வேகத்தில் ஆடிக் காட்ட அவர்களுடைய இரண்டாம் அணியால் முடியாது. நாங்கள் செய்தது மாதிரிதான் இருக்கும்.

ராணுவக் கல்லூரிகள் இதை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்கும் அதுதான் காரணம். 140 கிலோ லைன்மேன்களைச் சேர்க்க அவர்களால் முடியாது. இடித்துத் தள்ள முடியாதவனை யோசிக்க வைத்து நிறுத்துகிறார்கள். 2018ல் ஆர்மி ஓக்லஹோமாவுக்குப் போனது. எதிரே கைலர் மரே, அந்த வருஷம் கல்லூரி ஆட்டத்தின் சிறந்த வீரருக்கான ஹைஸ்மன் விருது வாங்கினவர். ஆர்மி கிட்டத்தட்ட 45 நிமிஷம் பந்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. 60 நிமிஷ ஆட்டத்தில்! மரே ஓரத்தில் நின்று கொண்டிருந்தார். ஓவர்டைமில் 28-21 என்று ஆர்மி தோற்றது. தோற்றாலும், அந்த மூன்று யார்டு நாலு யார்டு எல்லாம் எதற்கு என்று அன்றைக்கு ஓக்லஹோமாக்காரர்களைக் கேட்டால் சொல்லியிருப்பார்கள்.

ஒரு கஷ்டம் உண்மையிலேயே வந்தது, அது தற்காப்பினால் வந்ததில்லை. 2022ல் விதி மாற்றினார்கள். டேக்கிள்களுக்கு வெளியே இடுப்புக்குக் கீழே தடுக்கக் கூடாது என்று. முழங்கால் காயங்களைக் குறைக்க வந்த விதி, தப்பு சொல்ல முடியாது. ஆனால் ஏ-பேக் மாதிரி சின்ன ஆள், ஓரத்தில் நிற்கிற பெரிய ஆளைக் காலில் விழுந்துதான் சாய்ப்பான். அது போனதும் பிட்ச் பக்கம் பாதி அடைபட்டது. ஆர்மி 2023ல் ஷாட்கன்னுக்கு (குவார்ட்டர்பேக் சில எட்டு பின்னால் தள்ளி நிற்கும் அமைப்பு) மாறிப் பார்த்தது. சரிவரவில்லை. 2024ல் பழைய பாணிக்குத் திரும்பி, குவார்ட்டர்பேக் பிரைசன் டெய்லியை வைத்து 12 ஆட்டம் ஜெயித்து, தன் அணிக் குழுவான அமெரிக்கன் கான்ஃபரன்ஸின் பட்டமும் வாங்கியது. நீங்கள் பார்த்த ஆட்டம் அந்த சீசனில் அவர்கள் தோற்ற இரண்டில் ஒன்று.

பழையஏடு:

வடக்குக்கேலரி விட்ட ஒரு வரலாற்றுத் துண்டு. தடுக்காமல் விட்டு ஏமாற்றும் இந்த வித்தையை வீர் என்ற பெயரில் 1960களில் ஹூஸ்டனில் பில் யோமன் கொண்டுவந்தார். 1968ல் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் எமரி பெல்லார்ட் பின்னால் மூன்று பேரை நிறுத்தி விஷ்போனாக மாற்றினார். அதன் முதல் ஆட்டம் யாரோடு தெரியுமா? அதே ஹூஸ்டனோடு. 20-20 டை. அடுத்தது டெக்சஸ் டெக்கிடம் தோல்வி. எல்லாரும் கைவிட்டிருப்பார்கள். டெக்சஸ் கைவிடவில்லை, அதன் பிறகு தொடர்ச்சியாக 30 ஆட்டம் ஜெயித்தது. 1971ல் இதே விஷ்போனை எடுத்துக்கொண்ட ஓக்லஹோமா ஆட்டத்துக்குச் சராசரியாக 472.4 யார்டு ஓடியது.

என்.எஃப்.எல்.லில் இல்லவே இல்லை என்பதும் சரியில்லை. ஷாட்கன்னில் நின்றபடி ஒரே ஒரு ஆளைப் படிக்கிற ஜோன் ரீட் இருக்கிறதே. ரிச் ராட்ரிகெஸ் 1990களில் கிளென்வில் ஸ்டேட் என்ற சின்னக் கல்லூரியில் வளர்த்தது அது. சான் ஃபிரான்சிஸ்கோ குவார்ட்டர்பேக் காலின் கேப்பர்நிக் 2013 ஜனவரியில் கிரீன் பே தற்காப்பை 181 யார்டு ஓடிக் கிழித்ததும் பெரும்பாலும் அதை வைத்துத்தான். பிட்ச் இல்லை, அவ்வளவுதான்.

பந்துவீசுப்பா:

கேப்பர்நிக் விஷயத்தில் தோற்றேன். தூக்கம் விஷயத்தில் இல்லை.

புதுப்பார்வையாளன்:

எல்லாருக்கும் நன்றி. நேற்று ராத்திரி அதே ஆட்டத்தை மறுபடி போட்டு, பந்தைப் பார்க்கவே கூடாது என்று முடிவு செய்துகொண்டு, ஓரத்து ஆள் ஒருவனை மட்டும் பார்த்தேன். கஷ்டமாகத்தான் இருந்தது, கண் தானாகப் பந்துக்குப் போகிறது.

முதல் தடவை அவன் சட்டென்று உள்ளே மடங்கினான். குவார்ட்டர்பேக் உருவிக்கொண்டு அவன் முதுகுக்குப் பின்னாலேயே ஓடிவிட்டார். இரண்டாவது தடவை ஒரு காலை உள்ளே வைத்தான், நிறுத்தினான், தலையை மட்டும் திருப்பினான். அதற்குள் மறுபடி ஏமாந்தான். மூன்றாவது தடவை காலையே எடுக்கவில்லை, நட்ட கம்பம் மாதிரி நின்றான். பந்து நடுவில் பி-பேக்கிடம் போய்விட்டது.

கேமரா அந்தத் தடவை குவார்ட்டர்பேக் பின்னால் போனது.